துயிலுக்கொரு புதினம்

உறக்கம் வாராத இரவுகளில், பழம்பெரும் புதினங்களை ஒருவர் வாசிக்கக் கேட்டுக் கண்ணயர்வோர் உண்டு. நாமும் அவர்களுள் அடக்கம். 2005-இல் தோன்றிய லிப்ரிவாக்ஸ், பதிப்புரிமை நீங்கிய நூல்களைத் தன்னார்வலர் குரலில் இலவசமாகவே தருகிறது. நாம் கேட்டது ஹெர்மன் மெல்வில் 1851-இல் வெளியிட்ட ‘மோபி டிக்’.

தூங்குவதற்கென ஒரு நூலைக் கேட்பது அதனை அவமதிப்பதாகுமா? திமிங்கிலங்களைப் புத்தகங்களின் தாளளவு கொண்டு வகைப்படுத்தும் 32-ஆம் அதிகாரத்தில் நாம் உறங்கிப்போனதை மெல்வில் மன்னிப்பார் என்றே நம்புகிறோம். அங்கே பொருள் நழுவினும் ஓசை நம்மைத் தாலாட்டுகிறது.

ஆனால் 9-ஆம் அதிகாரம் வேறு. மேப்பிள் என்னும் முதிய போதகர், கப்பல் முகப்பைப் போன்றதொரு மேடையில் நின்று, மாலுமிகளும் பெண்டிரும் கூடிய சபைக்கு யோனாவைப் பற்றி மறையுரை ஆற்றுகிறார். இறைவனின் ஏவலுக்குத் தப்பியோடியவர், புயலிலும் கப்பலின் அடித்தட்டில் அயர்ந்து தூங்குகிறார். கப்பல் தலைவன் வந்து அவரை எழுப்புகிறான். இருளில் படுத்தபடி கேட்ட நமக்கு அவ்விடத்தில் தூக்கம் முற்றும் கலைந்தது.

முன்பொரு முறை பகலில் வாசித்தபோது, கதை நகரட்டும் என்ற அவசரத்தில் இம்மறையுரையை விரைந்து கடந்தோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். படுக்கையில் அவ்வவசரம் இல்லை. வாசிப்பவர் நிறுத்தும் இடத்தில் நாமும் நின்றாக வேண்டும். அன்றிரவு விளக்கேற்றி, யோனா நூலின் முதல் அதிகாரத்தைப் படித்த பின்னரே படுத்தோம்.