தோளில் ஏறிய ராக்கெட்

ராமநாதபுரம் மாவட்டத்தில் எந்தப் பள்ளிக்கூட ஆண்டு விழாவிலாவது பரிசு வாங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் உங்கள் வீட்டில் ஒரு 'அக்னிச் சிறகுகள்' இருக்கும். நன்றாகப் படிக்கிற பிள்ளை என்றால் மூன்று இருக்கும்.

போன மாதம் மண்டபத்திலிருக்கும் அண்ணன் மகன் போன் செய்தான். எஞ்சினியரிங் முடித்து பெங்களூரில் முதல் வேலை. "எல்லாரும் பயங்கர புத்திசாலியா இருக்காங்க சித்தப்பா. பாசமாவும் பழகுறாங்க. அதான் பயமா இருக்கு."

நான் பி.காம். எனக்கும் ராக்கெட்டுக்கும் உள்ள உறவு தீபாவளியோடு சரி. இருந்தாலும் கலாமின் புத்தகத்தை எடுத்து, அவர் வேலைக்குச் சேர்ந்த பக்கங்களை மட்டும் மறுபடி படித்தேன்.

1958-ல் பாதுகாப்புத் துறையில் அடிப்படைச் சம்பளம் 250 ரூபாய்க்குச் சேருகிறார். பிறகு பெங்களூரில் 'நந்தி' என்ற ஹோவர்கிராஃப்ட் வேலை. தரைக்கு மேலே சுமார் 40 மில்லிமீட்டர் மிதக்கிற வண்டி. அப்போது அலுவலகத்தில் சிலர் தன்னை ஒரு பட்டிக்காட்டானாகவே பார்த்தார்கள் என்று கலாம் சொல்கிறார். சொல்லிவிட்டு, சட்டென்று நகர்ந்துவிடுகிறார். அமைச்சர் கிருஷ்ண மேனன் நந்தியில் ஏறுகிறார், கலாமே ஓட்டுகிறார், கதை ஜோராகப் போகிறது.

எனக்கு இங்கேதான் மனஸ்தாபம். ராமேஸ்வரத்திலிருந்து போன ஒருவர் அந்தச் சிரிப்பைத் தாங்கிக்கொண்டு மறுநாள் காலை எப்படி ஆபீஸுக்குப் போனார்? பரிசு வாங்கிய பிள்ளைகளுக்குத் தேவை அந்தப் பக்கம்தானே? அது எழுதப்படவில்லை. சக ஊழியர்கள் வருகிறார்கள், முழுப் பெயரோடு, பாராட்டோடு வருகிறார்கள், கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒருத்தர்கூட ஜோக் அடிப்பதில்லை. கலாமுக்கு யாரையும் குறை சொல்ல மனசு வராது. நல்ல குணம்தான். ஆனால் நல்ல குணம் சில சமயம் புத்தகத்தைக் கொஞ்சம் சப்பென்று ஆக்கிவிடுகிறது.

விட்டுப்போன சிரிப்பு வேறொரு புத்தகத்தில் கிடைக்கிறது. தும்பாவில் கலாமோடு வேலை பார்த்த ஆர்.அரவமுதன், தன் மனைவி கீதாவுடன் சேர்ந்து 2017-ல் ஆங்கிலத்தில் எழுதிய இஸ்ரோ நினைவுகள். அதில் இவர்கள் திருவனந்தபுரத்தில் லாட்ஜில் தங்கி, ரயில்வே ஸ்டேஷனில் சாப்பிட்டு வேலைக்குப் போகிற பிரம்மச்சாரிப் பையன்கள். மேதைகளுக்கும் மத்தியானம் பசித்திருக்கிறது!

ஆனால் கலாம் புத்தகத்தில் ஒரு காட்சி, என் புகார் அத்தனைக்கும் பதில் சொல்லிவிடுகிறது. 1963 நவம்பர் 21. தும்பாவிலிருந்து முதல் ராக்கெட். மாதா கோயில்தான் ஆபீஸ். ராக்கெட்டைத் தூக்கிவைக்க வேண்டிய கிரேனில் எண்ணெய் கசிகிறது. நேரமோ ஓடுகிறது. என்ன செய்தார்கள்? எல்லோருமாகச் சேர்ந்து கையாலேயே தூக்கி வைத்துவிட்டார்கள். நாசாவில் பயிற்சி பெற்றவர்கள், கரை வலை இழுக்கிறவர்கள் மாதிரி!

அந்த நேரத்தில் யார் எந்த ஊர், என்ன மார்க் என்று எவர் கேட்டிருப்பார்? கனத்தைப் பங்கு போட ஒரு தோள் கூட இருந்தால் போதும்.

தனி ஒருவனின் வெற்றிக் கதை என்று சொல்லித்தான் இந்தப் புத்தகத்தைப் பரிசாகக் கொடுக்கிறோம். கூடித் தூக்கிய கதை என்று சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். வேறு புத்தகமாகத் தெரியும்.

அண்ணன் மகனுக்கு இதைத்தான் சொன்னேன். "நீ புத்திசாலியா இல்லையான்னு அப்புறம் பார்க்கலாம். நாளைக்கு யாராவது கனமா எதையாவது தூக்கினா, போய் ஒரு கை பிடி."

"இங்க எல்லாமே சாஃப்ட்வேர் சித்தப்பா" என்றான்.

சிரிக்கிறான். பயம் கொஞ்சம் போயிருக்கிறது.