அழைப்பும் அடையாளங்களும்: மாணவர்க்கு நாம் தரும் வழிகாட்டுதல் பற்றிய ஒரு திறனாய்வு

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்கள் ஆயர்களுக்கு ஓய்வில்லா நாள்கள். சென்னை கே.கே. நகர் போன்ற பகுதிகளில் ஆயர்பணி ஆற்றுவோர் இதனை நன்கு அறிவர். மாணவரும் பெற்றோரும் ஆயரிடம் வந்து கேட்பது ஒன்றே: "இந்தப் பிள்ளையைக் குறித்துக் கடவுளின் சித்தம் என்ன?" இக்கேள்விக்கு நம் சபைகளிலும் வாலிபர் முகாம்களிலும் வழக்கமாகக் கூறப்படும் விடைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நமது கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். அழைப்பு என்பது ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியே எழுதி மறைத்துவைக்கப்பட்ட திட்டமன்று. பிறருடைய தேவையின் வாயிலாகக் கடவுள் எழுப்பும் கேள்வியே அது. அக்கேள்வியை மாணவர் தனித்து நின்று ஆராய இயலாது. திருச்சபை அவரோடு சேர்ந்து ஆராய வேண்டும்.

1. ஒரு வசனம் படும் பாடு

மாணவர் கூட்டங்களில் மிகுதியாக எடுத்தாளப்படும் திருமறைப் பகுதிகளுள் எரேமியா 29:11 ஒன்று. வாக்குத்தத்த அட்டைகளில் அச்சிடப்பட்டு, படிப்பு மேசைக்கு மேல் ஒட்டப்படுவதும் அதுவே. அவ்வசனத்தை வாசிக்கும் மாணவர், தம் கல்லூரியும் வேலையும் திருமணமும் ஏற்கெனவே வகுக்கப்பட்டுவிட்டன என்றும், அவற்றைக் கண்டுபிடிப்பதே தம் கடமை என்றும் எண்ணிக்கொள்கிறார்.

இவ்வாசிப்புக்கு நம் மொழியே ஓரளவு இடமளிக்கிறது. 'உங்கள்' என்னும் சொல் தமிழில் பலரையும் குறிக்கும். மரியாதையாக ஒருவரையும் குறிக்கும். ஆனால் நம் திருமறையில் கடவுள் தனி மனிதரை 'நீ' என்றே விளிக்கிறார். எனவே இங்கு வரும் 'உங்கள்' பன்மையே. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ஒரு மக்கட்கூட்டத்திற்கு எழுதப்பட்ட கடிதம் இது. முந்தின வசனம் எழுபது ஆண்டுகளைக் குறிப்பிடுகிறது. அதாவது, அக்கடிதத்தைக் கேட்டவர்களுள் பெரும்பாலோர் அதன் நிறைவேற்றத்தைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார்கள். அவர்களுக்கு இடப்பட்ட பணி 5 முதல் 7 வரையுள்ள வசனங்களில் உள்ளது: வீடு கட்டுதல், தோட்டம் நாட்டுதல், தாங்கள் வாழும் நகரத்தின் நலனைத் தேடுதல். எதிர்காலம் கடவுளுடையது என்பதால் அவர்கள் அடையாளம் தேடித் திரியவில்லை. நிகழ்காலத்தில் வேலை செய்யப் பணிக்கப்பட்டார்கள். அட்டையில் 11ஆம் வசனத்தை மட்டும் அச்சிட்டு, 7ஆம் வசனத்தை விட்டுவிடுவது நாம் மாணவர்க்குச் செய்யும் பெருந்தீங்காகும்.

2. ஒரு சரிதையைக் கூறும் முறை

அழைப்பைக் குறித்து நம் முகாம்களில் மீண்டும் மீண்டும் கூறப்படும் சரிதை ஐடா ஸ்கடர் அம்மையாருடையது. 1890களில் திண்டிவனத்தில் ஓரிரவு மூன்று கணவன்மார், பிரசவ வேதனையிலிருந்த தத்தம் மனைவியருக்கு உதவும்படி ஒருவர் பின் ஒருவராக வந்து ஐடாவை அழைத்தனர். அவருடைய தந்தை மருத்துவர். ஆயினும் ஆண் மருத்துவர் தம் மனைவியைத் தொடுவதை அவர்கள் வழக்கம் ஏற்கவில்லை. ஐடாவோ அப்பொழுது மருத்துவம் கற்காத இளம்பெண். விடியுமுன் மூன்று பெண்களும் இறந்தனர். தாம் அருட்பணியாளராவதில்லை என்று எண்ணியிருந்த ஐடா தம் மனத்தை மாற்றிக்கொண்டார்.

இச்சரிதையை நாம் கூறும் முறையில் இரண்டு குறைகள் உள்ளன. முதலாவது, 'கதவு மூன்று முறை தட்டப்பட்டது' என்பதையே அற்புத அடையாளமாக அழுத்திக் கூறுகிறோம். ஆனால் அங்கு ஒலித்தது வானத்துக் குரலன்று; அண்டை வீட்டாரின் குரல். மூன்று பெண்களின் மரணத்திற்குக் காரணம் மருத்துவப் பெண்கள் இல்லாமையும் ஒரு சமூக வழக்கமும் ஆகும். அக்காரணத்தை அவர் கண்டுகொண்டதே அழைப்பு.

இரண்டாவது, அவ்விரவோடு கதையை முடித்துவிடுகிறோம். அவர் அமெரிக்கா சென்று பல ஆண்டுகள் பயின்று, 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900இல் திரும்பினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வேலூரில் தொடங்கியது 1918இல். ஓர் இரவின் அழைப்புக்குக் கால் நூற்றாண்டுக் காலம் விடை தேவைப்பட்டது. உடற்கூற்றியல் நூலோடு கழிந்த இரவுகளைப் பற்றி நம் முகாம்களில் எவரும் சாட்சி கூறுவதில்லை.

3. அழைத்தவருக்கே வந்த அழைப்பு

நம் சொந்த நாட்டுச் சரிதையாகிய வே. சா. அசரியாவின் வாழ்வு இதனை மேலும் தெளிவாக்குகிறது. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அவர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று, வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலாளராக மாணவரிடையே உழைத்தார். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர் தங்கள் சொந்த முயற்சியால் அருட்பணி நடத்துவதைக் கண்டார். அவர்களைவிட எண்ணிக்கையில் மிகுந்த திருநெல்வேலித் திருச்சபை அவ்வாறு செய்யவில்லையே என்னும் உறுத்தலிலிருந்து, 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது.

பிறரைப் புறப்படச் சொல்லிவந்த அசரியா 1909இல் தாமே தோர்ணக்கலுக்குச் சென்றார். அப்பொழுது அவருக்கு வயது 34. 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். இங்குத் தனி மனிதரின் கனவோ தரிசனமோ முன்னிற்கவில்லை. ஒரு சபை மற்றொரு சபைக்கு எடுத்துக்காட்டாயிற்று. நண்பர் கூடிச் செபித்தனர். ஒரு சங்கம் உருவாயிற்று. அதன் பின்னரே அவர் தோர்ணக்கலுக்குப் போனார். அப்போஸ்தலர் 13ஆம் அதிகாரத்தின் அந்தியோகியா சபையிலும் நாம் காண்பது இவ்வொழுங்கே.

4. அழைப்பும் குலத்தொழிலும்

'முழுநேர ஊழியம்' என்னும் வழக்கு, ஏனையோரின் உழைப்பைப் பகுதிநேர ஊழியமாகத் தாழ்த்திவிடுகிறது. இதற்கு மாற்றாக, குருவும் துறவியும் மட்டுமின்றிச் செருப்புத் தைப்பவரும் இல்லத்தலைவியும் அழைப்புப் பெற்றவரே என்ற லூத்தரின் போதனையை நம் இறையியல் கல்லூரிகளில் கற்பிக்கிறோம். அது தேவையானதே. ஆயினும் சாதி பிறப்பிலேயே தொழிலை விதித்த நாட்டில், அதனை அப்படியே ஒப்புவிப்பது ஆபத்தாகும். அவனவன் தன் நிலைமையில் நிலைத்திருப்பது பற்றி 1 கொரிந்தியர் 7:20 கூறுவதை, தலித் குடும்பத்து மாணவர் எவ்வாறு கேட்பார்? அடுத்த வசனத்தையும் நாம் சேர்த்து வாசிக்க வேண்டும். விடுதலை கிடைக்குமாயின் அதனைப் பற்றிக்கொள்ளும்படி அடிமைக்குக் கூறுகிறார் பவுல். அழைப்பு கிறிஸ்துவுக்குள் வருவதற்கே, குலத்தொழிலுக்குள் அடைபடுவதற்கன்று.

'அடைபட்ட வாசல்' என்னும் பேச்சும் ஆராயத்தக்கது. இடம் கிடைக்காவிட்டால், "அது கடவுளின் சித்தமில்லை" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பட்டியல் சாதியினர் பற்றிய 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிவாக்கப்பட்டது, கிறிஸ்தவருக்கு விரிவாக்கப்படவில்லை. இவ்வாறு மனிதர் அடைத்த வாசலைக் கடவுளின் கணக்கில் எழுதுவது வழிகாட்டுதலாகாது. சில வாசல்கள் தட்டப்படவேண்டியவை.

5. ஆயர் செய்யத்தக்கது

நம் முகாம்களைப் பழிப்பது நமது எண்ணமன்று. பணித்தளங்களில் உழைக்கும் பலர் அங்கிருந்தே புறப்பட்டனர். ஆனால் தீர்மான அழைப்பின்போது கையுயர்த்திய மாணவர் மறுநாள் தனியே விடப்படலாகாது.

கே.கே. நகரையே எடுத்துக்கொள்வோம். இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் அதன் மருத்துவக் கல்லூரியும் அங்கு உள்ளன. கால் இழந்தோர்க்குச் செயற்கைக் கால் செய்து பொருத்தி நடக்கப் பழக்கும் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் உள்ளது. பேருந்துப் பணிமனையும் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளும் உள்ளன. ஆயர் தம் மாணவரை இவ்விடங்களுக்கு அழைத்துச் சென்று, அங்கு உழைப்போரோடு உரையாடச் செய்யலாம். "உனக்குக் கடவுள் என்ன வைத்திருக்கிறார்?" என்று கேட்பதற்குமுன், "இங்கு யார் துன்புறுகிறார்? ஏன்?" என்று கேட்கலாம். பின்பு மாணவரின் திறனையும் குடும்பத்தின் கடன் சுமையையும் ஒளிவின்றிப் பேசி, சபையின் மூத்தோர் ஓரிருவரை அவருக்குத் துணையாக நியமிக்கலாம். தவறான படிப்பைத் தெரிந்துகொண்டவர் கடவுளின் திட்டத்தையே இழந்துவிட்டதாக அஞ்சவேண்டியதில்லை என்பதையும் அறிவிக்கவேண்டும்.

சிறுவன் சாமுவேல் மூன்று முறையும் குரலைத் தவறாகவே புரிந்துகொண்டான். அதை இன்னதென்று உணர்ந்தவர் முதியவரான ஏலி. ஆனால் அக்குரல் கொண்டுவந்த செய்தியோ ஏலியின் வீட்டிற்கே எதிரானது. அதனை மறைக்காமல் சொல்லும்படி அவரே சிறுவனைக் கட்டாயப்படுத்தினார் (1 சாமுவேல் 3). வழிகாட்டுவோர்க்கு வேண்டிய தகுதி இதுவே. நம் சங்கத்திற்கு ஆள் சேர்க்கும் ஆவலோ, பெற்றோரின் வருமானக் கணக்கோ நம் செவியை அடைத்துவிட்டால், மாணவர் கேட்கும் குரலை நாம் அறிந்துகொள்ளமாட்டோம்.