இசை ஆய்வு முன்மொழிவு: சிறப்பைச் சொன்னால் போதுமா?

பத்துப் பன்னிரண்டு வருசம் வாய்ப்பாட்டோ வீணையோ கற்று, பட்டப்படிப்பும் முடித்த பிள்ளைகள் சிலர், இசை நிகழ்த்துகையில் முதுகலை அல்லது முனைவர் ஆய்வுக்கு விண்ணப்பிக்க நினைக்கிறார்கள். தலைப்பு தமிழிசை பற்றியது என்றால், முன்மொழிவின் முதல் வரைவு தமிழாசிரியர் கைக்கு வரும். "ஒரு தடவை பாத்துக் கொடுங்க சார்" என்பார்கள். நாமும் ஒற்றுப்பிழையைத் திருத்திக் கொடுத்துவிடுகிறோம். அது போதாது. முன்மொழிவும் ஒரு பனுவல்தான். கவிதையைப் போல அதையும் திறனாய்வு செய்து பார்க்க வேண்டும்.

ஒரு மாதிரிக்கு இப்படி ஒரு தொடக்கத்தை வைத்துக்கொள்வோம்:

"சிலப்பதிகாரம் முத்தமிழ்க் காப்பியம். அதில் இசை நுணுக்கங்கள் ஏராளமாகப் பொதிந்துள்ளன. தொன்மைமிக்க தமிழிசையின் சிறப்பை உலகறியச் செய்வதே இவ்வாய்வின் நோக்கம்."

மூன்று வாக்கியம். ஒன்றிலும் இலக்கணப் பிழை இல்லை. ஆனா, கேள்வி எங்கே? 'சிறப்பு' என்ற முடிவு முதலிலேயே வந்துவிட்டது. முடிவு தெரிந்த பிறகு மூன்று வருசம் எதற்கு? இன்னொரு குறை: எழுதியவர் பாடகர் என்பதற்கு இதில் எந்தத் தடயமும் இல்லை. பாடவே தெரியாதவரும் இதை எழுதலாம்.

இந்த நடை எங்கிருந்து வந்தது? நம் வகுப்பறையிலிருந்துதான். கவிதை நயம் எழுதப் பழக்கிய நாம், ஐயத்தை எழுதப் பழக்கவில்லை. தேர்வில் நயம் பாராட்டினால் புள்ளி உண்டு. ஆய்வில் பாராட்டு வெறும் முன்னுரைதான்.

பிரிட்டன், ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இவ்வகை ஆய்வுக்கு இரண்டு பகுதி உண்டு: ஒன்று கச்சேரி அல்லது ஒலிப்பதிவு, மற்றொன்று எழுத்தாய்வு. இரண்டையும் சேர்த்தே மதிப்பிடுவார்கள். ஆகவே, பாடிப் பார்த்தால்தான் விடை கிடைக்கும் என்ற கேள்வி முன்மொழிவில் இருக்க வேண்டும்.

அதே சிலப்பதிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். செம்பாலை முதலான ஏழு பாலைகளை அறிவீர்கள். செம்பாலையை இன்றைய அரிகாம்போதி என்று பலரும் கொள்கிறார்கள். அதன் ஒவ்வொரு சுரத்தையும் ஆதாரமாக வைத்துப் பண்ணுப்பெயர்த்தால் மற்ற பாலைகள் பிறக்கும். ரிடபத்திலிருந்து படுமலைப்பாலை, அதாவது நடபைரவி. மத்திமத்திலிருந்து அரும்பாலை, அதாவது சங்கராபரணம். இடையில், காந்தாரத்திலிருந்து பிறக்கும் செவ்வழிப்பாலையில்தான் சிக்கல். அதில் இரண்டு மத்திமம் வரும், பஞ்சமம் கிடையாது.

இப்போது கேள்வி தானாக எழுகிறது: ச‑ப ஒலிக்கும் சுருதிப்பெட்டியோடு வளர்ந்த இன்றைய பாடகர், பஞ்சமமே இல்லாத செவ்வழிப்பாலையை எப்படி நிலைநிறுத்திப் பாடுவது? சுருதியை ச‑ம என மாற்றினால் என்ன ஆகும்? இதற்கு நூலகத்தில் மட்டும் உட்கார்ந்து விடை காண முடியாது. தொண்டையும் காதும் வேண்டும். விண்ணப்பதாரரின் பன்னிரண்டு வருசப் பயிற்சி இங்கேதான் ஆய்வு முறையாக மாறுகிறது.

இது நமக்குப் புதிதும் அல்ல. ஆபிரகாம் பண்டிதர் 1916இல் பரோடா இசை மாநாட்டில் தம் சுருதிக் கணக்கை முன்வைத்தபோது, அவருடைய மகள்கள் வீணை இசைத்து அதை மெய்ப்பித்துக் காட்டினார்கள். விபுலானந்த அடிகளின் யாழ் நூல் 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியபோது, அவர் ஆய்வின்படி செய்த யாழ்கள் இசைக்கப்பட்டன. பாடகரான எஸ். இராமநாதன், சிலப்பதிகார இசையை ஆராய்ந்து அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். இவர்களைப் பெயர் சொல்லி வணங்கினால் மட்டும் போதாது. யார் எதுவரை வந்தார், நான் எங்கிருந்து தொடங்குகிறேன் என்று எழுத வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பாலைகளைப் பற்றி நாம் சொல்வதில் பெரும்பகுதி அரும்பதவுரைகாரரையும் அடியார்க்கு நல்லாரையும் நம்பியது. அடியார்க்கு நல்லார் காப்பியத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியவர். ஆகவே, 'பழந்தமிழர் இப்படித்தான் பாடினார்கள்' என்று எழுதாதீர்கள். 'உரைகளின் வழி இப்படியும் பாடிப் பார்க்கலாம்' என்பதே நேர்மை. அந்த அடக்கம் முன்மொழிவைப் பலவீனமாக்காது. எல்லை தெரிந்தவர் என்ற நம்பிக்கையைத் தரும்.

கூடவே அனுப்பும் ஒலிப்பதிவையும் கவனியுங்கள். பரிசு வாங்கிய உருப்படியை அனுப்புவதுதான் வழக்கம். குரல்வளத்தைக் காட்ட அது உதவும், சரிதான். ஆனால், ஆய்வுக் கேள்வியைத் தொடும் ஐந்து நிமிட ஆலாபனையும் இருக்கட்டும். அது கொஞ்சம் தடுமாறினாலும் பரவாயில்லை.

ஆசிரியர்களே, பரிந்துரைக் கடிதம் எழுதும்போது நமக்கும் இதே நோய் உண்டு. 'ஒழுக்கமும் திறமையும் மிக்கவர்' என்ற வரி யாருக்கும் பொருந்தும். அந்த மாணவர் வகுப்பில் என்ன கேட்டார், எந்த விளக்கத்தை ஏற்க மறுத்தார் என்று ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுங்கள்.

மாணவர்களே, வரைவை எடுத்து, 'சிறப்பு', 'தொன்மை', 'பெருமை' வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் அடியுங்கள். மிச்சம் இருப்பதில் கேள்விக்குறி வைக்கக்கூடிய ஒரு வாக்கியமாவது தேறுகிறதா என்று பாருங்கள். தேறினால் அதை முதல் பத்திக்குக் கொண்டுபோங்கள். இல்லையென்றால் விண்ணப்பத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, தம்பூராவோடு உட்காருங்கள்.