குலசை தசரா: தட்டை ஏந்தும் கையைப் பாருங்கள்

குலசை தசராவுக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் பத்தாம் நாள் இரவுக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். நள்ளிரவுச் சூரசம்ஹாரத்தை யாரோ ஒருவரின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, செருப்பில் பாதி கடற்கரையோடு திரும்புகிறார்கள். கடைசிக் காட்சியை மட்டும் பார்த்துவிட்டுக் கூத்து பார்த்தேன் என்பதுபோலத்தான் இது. இரண்டு நாள் முன்னதாகக் கிளம்புங்கள்.

எங்கே நிற்பது?

திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலோரச் சிற்றூர் குலசேகரன்பட்டினம், சுருக்கமாகக் குலசை. அங்கே முத்தாரம்மனும் ஞானமூர்த்தீஸ்வரரும் அருகருகே வீற்றிருக்கிறார்கள். நவராத்திரியை ஒட்டிக் கொடியேறியதும், வேஷம் போடுவதாக அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் கோயிலில் காப்பு வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். அதன்பின் வேஷம். ஆனால் வேஷக்காரர்கள் கோயிலைச் சுற்றியே இருப்பதில்லை. தசரா குழுக்களாக மேளத்தோடு ஊர் ஊராகப் போகிறார்கள். ஆகவே உடன்குடிப் பக்கம் ஏதாவது கடைத்தெருவில் நில்லுங்கள். திருவிழா உங்களைத் தேடி வரும்.

எதைப் பார்ப்பது?

குறவன், குறத்தி, கரடி, குரங்கு, போலீஸ், எமன், பிச்சைக்காரன் என்று வரிசையாக வருவார்கள். புடவை கட்டிய மீசைக்காரரைப் பார்த்தால் சிரிப்பு வரும், சிரிக்கலாம், தவறில்லை. காளி வந்தால் தெரு தானாக ஒதுங்கும். சடைமுடி, கிரீடம், நீண்ட நாக்கு, முதுகில் கட்டிய கூடுதல் கைகள். இத்தனையும் சுமப்பவர் 41 நாள், 48 நாள் என்று விரதமிருந்து, வீட்டைவிட்டுக் குடிலில் தங்கியவராக இருப்பார். நேற்றுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களே அவரை இன்று ‘அம்மா’ என்கிறார்கள்.

அலங்காரத்தில் கண்ணை விட்டுவிடாதீர்கள். தட்டை ஏந்தும் கையைப் பாருங்கள். வசதியுள்ளவராக இருந்தாலும் வேஷம் போட்டுவிட்டால் வீடு வீடாக, கடை கடையாகக் கையேந்த வேண்டும். சேர்ந்த காசு அம்மன் உண்டியலுக்கு. சொந்தப் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டுவது சுலபம். அடுத்தவர் வாசலில் நின்று கேட்பதற்குத்தான் மனசு மடங்க வேண்டும். நேர்ச்சையின் கனம் அங்கேதான் இருக்கிறது. உங்கள் முன் தட்டு நீண்டால் காசு போட்டுத் திருநீறு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நிமிஷம் நீங்களும் விழாவுக்குள் வந்துவிட்டீர்கள்.

எதைக் கேட்பது?

மேளத்தை. நடக்கும்போது ஓர் அடி, சாமி வரும்போது வேறு அடி. வேகம் ஏறுவது காதில் பட்டதும் செல்போனைப் பைக்குள் வையுங்கள். சாமியாடுபவர் உங்கள் படத்துக்காக ஆடவில்லை.

பத்தாம் நாள்

இதெல்லாம் பார்த்தபின் கடற்கரைக்குப் போங்கள். சிங்கம், யானை, எருமை என்று தலை மாற்றி மாற்றி வரும் மகிஷாசூரனை அம்மன் சூலத்தால் வீழ்த்தும்போது, அத்தனை நாள் வேஷம் சுமந்தவர்களின் முகங்களைத் திரும்பிப் பாருங்கள். சூரன் அவர்களுக்கு வெளியே மட்டும் இல்லை என்பது புரியும்.

மறுநாள் காப்பை அவிழ்ப்பார்கள். ஊருக்குத் திரும்பும் வழியில் டீக்கடையில் இறங்கினால், டீ ஆற்றுபவரின் கண்ணோரத்தில் இன்னும் கழுவப்படாத மை இருக்கலாம். அண்ணாச்சி என்பதா, அம்மா என்பதா என்று ஒரு கணம் தடுமாறினீர்களானால், தசராவைச் சரியாகப் பார்த்திருக்கிறீர்கள்.