டேவிட் வில்லியம்ஸின் மணிக்கட்டு

மைக்கேல் ஜாக்சனின் புக்கரெஸ்ட் கச்சேரிப் பதிவைப் பற்றிப் பேச்செடுத்தாலே பலரும் அந்த நிற்றலுக்குத்தான் போவார்கள். மேடைக்கு அடியிலிருந்து வாணவெடிகளோடு எகிறி வந்த ஜாக்சன், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல், உடம்பு அசையாமல் நிமிடக்கணக்கில் நிற்கிறார். கீழே பிள்ளைகள் அழுகிறார்கள், மயங்குகிறார்கள், காவலர்கள் அவர்களைத் தலைக்கு மேல் தூக்கிக் கடத்துகிறார்கள். அதன் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் என் படம் இரண்டாவது பாட்டில்தான் தொடங்குகிறது.

'வான்னா பி ஸ்டார்ட்டின் சம்திங்' எடுத்ததும் உள்ளே நுழையும் அந்த ரிதம் கிட்டாரைக் கேளுங்கள். தந்தியை முழுசாக ஒலிக்க விடாமல், உள்ளங்கையால் அமுக்கி, ஒற்றை ஸ்வரங்களைப் பொடிப்பொடியாக வெட்டிப் போடுகிறார் டேவிட் வில்லியம்ஸ். மேலே பிராஸ் ஒலிகள் எவ்வளவு ஆர்ப்பரித்தாலும் இந்தக் கை பதறுவதில்லை. காலப்பிரமாணம் டிரம்ஸில் இருக்கிறது என்று நினைப்போம். ரிக்கி லாசன் போன்ற ஒருவர் வாசிக்கும்போது அது நியாயம்தான். ஆனால் லாசன் அடிக்கும் இரண்டு அடிகளுக்கு நடுவில் இருக்கும் இடத்தை நிரப்புவது வில்லியம்ஸ். ஜாக்சனின் தோளும் இடுப்பும் அந்த நடு இடத்தில்தான் ஆடுகின்றன. தெரிந்துகொண்டு பார்த்தால், ஒவ்வொரு வெட்டுக்கும் ஓர் அசைவு பதில் சொல்வது தெரியும்.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. 1979-ல் 'ஆஃப் த வால்', 1982-ல் 'திரில்லர்' இரண்டு இசைத்தட்டுகளிலும் வாசித்த கை அது. 'பில்லி ஜீன்' பாட்டில் இரண்டாம் பல்லவி முடிந்ததும் வருகிற கிட்டார் துண்டு அவருடையது. கீபோர்டில் இசைக்குழுவை நடத்தும் கிரெக் ஃபிலிங்கேன்ஸும் அந்த இரண்டு தட்டுகளிலும் வாசித்தவர். நகல் குழுவை வைத்துச் சமாளிக்காமல், பாட்டைச் செய்தவர்களையே ஊர் ஊராக அழைத்துப்போனார் ஜாக்சன். பின்னணிப் பாடகர்கள் வரிசையில் நிற்கும் சீடா காரெட்டையும் கவனியுங்கள். கடைசிப் பாட்டான 'மேன் இன் த மிரர்' அவர் கிளென் பாலர்டோடு சேர்ந்து எழுதியது. பாட்டை எழுதியவரே பின்னால் நின்று கோரஸ் பாடுகிறார். இப்படியொரு பக்கவாத்தியம் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்காக மேடை ஏறியிருக்கிறது.

மேடையின் இன்னொரு கிட்டார் கலைஞர் ஜெனிஃபர் பேட்டனின் ரசிகர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். அந்த முடியும் அந்த வேகமும் கண்ணை இழுப்பவை. 'பீட் இட்' தனி வாசிப்பை எடி வான் ஹேலனுக்குப் பிறகு அவரளவு துணிச்சலாக எடுத்தவர் குறைவு. ஆனால் பேட்டனை ஒரு பாட்டிலிருந்து எடுத்துவிட்டால் ஒரு கட்டம் காலியாகும். வில்லியம்ஸை எடுத்துவிட்டால் பாட்டு நடக்காது. கேமராவுக்கு இது புரியவில்லை. இயக்குநர் ஆண்டி மொராஹன் பேட்டனுக்குத் தந்த நெருக்கக் காட்சிகளில் கால்வாசிகூட வில்லியம்ஸுக்குத் தரவில்லை.

இன்னொரு கட்சி வெம்ப்ளிக் கட்சி. வெம்ப்ளி அரங்கில் ஜாக்சன் பாடிய 1988 ஜூலை 16 நிகழ்ச்சி 2012-ல் டிவிடியாக வந்ததிலிருந்து, குரல் வேண்டுமென்றால் அங்கே போ, புக்கரெஸ்டில் பாதி வாயசைப்பு என்கிறார்கள். சில பாட்டுகளில் பதிவுசெய்த குரல் ஓடுவது காதுள்ள எவருக்கும் தெரியும். வெம்ப்ளியில் அவர் பாடியதன் சூடு தனிதான். ஆனால் அந்த டிவிடி, அரங்கின் பெரிய திரைக்கு அனுப்பிய காட்சியை வீடியோ நாடாவில் பிடித்து வைத்ததிலிருந்து எடுத்தது. கலங்கலான அந்தப் படத்தில் விரல் எங்கே, தந்தி எங்கே? தவிர, 'ஷீஸ் அவுட் ஆஃப் மை லைஃப்' பாட்டை புக்கரெஸ்டில் கேட்டுவிட்டு, இங்கே குரல் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அந்த ஊரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நிகழ்ச்சி நடந்தது 1992 அக்டோபர் 1. ருமேனியாவில் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்து மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. மேற்கத்திய இசையை அடக்குமுறைக்கு நடுவே, கிடைத்தபடி கேட்டு வளர்ந்த தலைமுறை, தேசிய விளையாட்டரங்கில் நெருக்கியடித்து நிற்கிறது. அந்த அழுகையை வெறும் ரசிகப் பித்து என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு ஒட்டாது. ஆனாலும் ஒரு குறை உண்டு: ஆட்டத்தின் நடுவில் அந்த முகங்களுக்குத் தாவியிருக்கக் கூடாது. நடனத்தை உச்சி முதல் பாதம்வரை ஒரே சட்டத்தில் காட்ட வேண்டும் என்று ஃபிரெட் அஸ்டேர் தன் படங்களில் பிடிவாதம் பிடித்தார். ஜாக்சன் அஸ்டேரைக் கொண்டாடியவர். அவர் கால் வழுக்கிப் பின்னே போகும்போது நமக்குக் கால்தான் வேண்டும், கண்ணீர் இல்லை.

அமெரிக்கத் தொலைக்காட்சியான எச்பிஓ அக்டோபர் 10-ம் தேதி ஒளிபரப்பிய இந்த நிகழ்ச்சி, நகலின் நகலாகத்தான் எங்கள் தெருவுக்கு வந்தது. வாடகை டெக்கில் ஓடவிட்டால் சிவப்பெல்லாம் கசியும். நாங்கள் ஸ்டெப்பைக் கற்றுக்கொள்ளப் பார்த்தோம்; பக்கத்து வீட்டு அண்ணன் மட்டும், கிட்டார் பழகிக்கொண்டிருந்தவர், திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கேட்பார். 2004-ல் 'தி அல்டிமேட் கலெக்‌ஷன்' பெட்டியோடும், மறு ஆண்டு தனி டிவிடியாகவும் தெளிவான பிரதி வந்தபோதுதான் அவர் எதைக் கேட்டார் என்று எனக்கு விளங்கியது.

இன்று இளையோருக்கென்று வரும் கச்சேரிப் படங்களைப் பார்க்கையில் வயிறு எரிகிறது. வாத்தியக்காரர்கள் திரைச்சீலைக்குப் பின்னால், அல்லது மேடை ஓரத்து இருட்டில். கண் சிமிட்டுவதற்குள் மூன்று வெட்டு. பாட்டுக்கு நடுவே பேட்டி, கட்டிப்பிடிப்பு, கண் கலங்கல். பிள்ளைகளுக்கு இது போதும் என்று யாரோ முடிவுசெய்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு எல்லாம் கேட்கும். எட்டு வயதுப் பிள்ளையை 'வொர்க்கிங் டே அண்ட் நைட்' முன்னால் நிறுத்திப் பாருங்கள். தலை ஆடுவது வில்லியம்ஸுக்குத்தான்.

வில்லியம்ஸ் 2009 மார்ச்சில் காலமானார், ஜாக்சனுக்கு மூன்று மாதம் முன்பு. புக்கரெஸ்டில் அன்றிரவு ஓடிய எல்லாக் கேமராக்களின் சுருளும் ஏதாவது பெட்டகத்தில் பத்திரமாக இருந்தால், யாராவது இந்தப் படத்தைப் புதிதாக வெட்டித் தொகுக்க வேண்டும். 'பில்லி ஜீன்' முழுவதும் ஒரே அகலச் சட்டம். கிட்டார் துண்டு வரும் இடத்தில் மட்டும் வில்லியம்ஸின் மணிக்கட்டு, துண்டு முடியும்வரை.