விர்ச்சுவல்பாக்ஸுக்குள் ஒரு பட்டு டிசைன் கடை

களம்பூரில் பட்டுச்சேலைக்கு டிசைன் போட்டுக் கொடுக்கும் அண்ணன் ஒருவரின் கடையில் விண்டோஸ் எக்ஸ்பி இன்னும் ஓடுகிறது. மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே கைகழுவிய அதே எக்ஸ்பிதான். முந்தானைப் பூவைக் கட்டம் கட்டமாகப் போட்டு, ஜக்கார்டு அட்டையில் எங்கெங்கே ஓட்டை விழவேண்டும் என்று பிரித்துத் தரும் அவருடைய சாஃப்ட்வேர் புது விண்டோஸ் எதிலும் திறக்காது. விற்ற கம்பெனியைக் கேட்டால் புது வெர்ஷன் வாங்கச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுகிறார்கள். பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டு போனதும், புதிதாக வாங்கியதில் ஆரக்கிளின் விர்ச்சுவல்பாக்ஸை ஏற்றினோம். சில வாரங்களாகக் கடை அதில்தான் நடக்கிறது.

ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் மாதிரிதான் இது. வெளியே விண்டோஸ் 11, அதற்குள் ஒரு ஜன்னலில் எக்ஸ்பி. ப்ராசஸரிலும் ரேமிலும் இவ்வளவு உனக்கு என்று நாம் பங்கு பிரித்துக் கொடுக்கிறோம். முழு கம்ப்யூட்டரும் தன்னுடையது என்றே எக்ஸ்பி நினைத்துக்கொள்ளும். அதன் ஹார்ட் டிஸ்க், நம் டிஸ்கில் கிடக்கும் ஒரு கோப்பு, அவ்வளவுதான். ஐபிஎம் 1972-லேயே விஎம்/370 என்று தன் பெரிய கம்ப்யூட்டர்களுக்கு இந்த உத்தியைக் கொண்டுவந்துவிட்டது. நீங்களும் முயன்றால், பயாஸில் விர்ச்சுவலைசேஷனை ஆன் செய்ய மறக்காதீர்கள். மற்றதெல்லாம் தெரிந்த கதை.

நான் சொக்கிப்போனது ஸ்னாப்ஷாட்டில். பட்டனை அழுத்திய நொடியில் எக்ஸ்பி எப்படி இருந்ததோ, அந்த நிலை அப்படியே பத்திரமாகிவிடும். அதன்பிறகு பழைய டிஸ்க் கோப்பில் எதுவும் எழுதப்படாது. மாற்றமெல்லாம் பக்கத்தில் தனிக் கோப்பில் சேரும். ஒருநாள் டிசைன் சாஃப்ட்வேர் திறக்கவே மறுத்தது. அட்டைக்காகத் தறிக்காரர் வாசலில் நிற்கிறார். முன்பென்றால் ஆள் வந்து ஃபார்மேட் அடித்து, எல்லாவற்றையும் மறுபடி ஏற்றுவதற்குள் இரண்டு நாள் ஓடிவிடும். இப்போது எக்ஸ்பியை நிறுத்தி, காலையில் எடுத்த ஸ்னாப்ஷாட்டுக்கு ரீஸ்டோர் கொடுத்தோம். வாங்கிவந்த டீ ஆறவில்லை, மாங்காய் புட்டா டிசைன் திரையில் வந்து நின்றது.

அந்த புட்டா தப்பித்ததற்குக் காரணம் வேறு. காலை நிலைக்குத் திரும்பினால், அதற்குப் பிறகு எக்ஸ்பிக்குள் சேமித்ததெல்லாம் போய்விடும். டிசைன்களை ஷேர்டு ஃபோல்டர் வழியாக வெளியே, விண்டோஸ் 11 பக்கம் வைத்திருந்தோம். ஸ்னாப்ஷாட் அங்கே கைவைப்பதில்லை. ஸ்னாப்ஷாட் இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று கேட்பவர்களை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. எல்லாம் ஒரே டிஸ்கில்தான் கிடக்கிறது; அது செத்தால் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்தே போகும். எக்ஸ்பியை மூடிவிட்டு, அதன் கோப்புகள் இருக்கும் மொத்த ஃபோல்டரையும் டிசைன் ஃபோல்டரையும் வாராவாரம் வெளி டிஸ்கில் நகலெடுங்கள். ஸ்னாப்ஷாட்களை அடுக்கிக்கொண்டே போகவும் வேண்டாம். இடம் அடைக்கும், அழிக்கும்போது கோப்புகளை ஒன்றுசேர்க்க நேரமும் பிடிக்கும்.

4 ஜிபி ரேம் கம்ப்யூட்டரில் இதை முயலாதீர்கள், இரண்டு விண்டோஸும் திணறும். சாஃப்ட்வேரைத் திறக்கச் செருகும் சாவியான டாங்கிள் யூஎஸ்பி என்றால் எக்ஸ்பி பக்கம் திருப்பிவிடலாம். பழைய பேரலல் போர்ட் டாங்கிள் என்றால், அதைச் செருகப் புது கம்ப்யூட்டரில் பெரும்பாலும் இடமே இருக்காது. எக்ஸ்பிக்கு இன்டர்நெட் மட்டும் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பாதுகாப்பு அப்டேட் நின்று பல வருடமாகிறது.

விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படைத் தொகுப்பு இலவசம். பழைய சாஃப்ட்வேரை நம்பித் தொழில் செய்கிறவர்கள், பழைய கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கும்போதே மாறிவிடுங்கள். முதல் வேலையாக இன்ஸ்டால் சிடியையும் லைசென்ஸ் நம்பரையும் தேடி எடுத்து வையுங்கள்.