வரிக்குதிரையின் துக்கம் யாருடையது?

முகலாய ஓவியர் உஸ்தாத் மன்சூர் 1621-இல் நீர்வண்ணத்தில் தீட்டிய வரிக்குதிரையின் அச்சுப் பிரதி ஒன்றை நண்பரிடம் காட்டினேன். 'பாவம்ங்க, அழப்போற மாதிரி நிக்குது' என்றார். மிகையுணர்ச்சி என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் அந்தப் 'பாவம்' எங்கிருந்து வந்தது என்று கேட்கும்போதுதான் வாசிப்பு தொடங்குகிறது.

லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலுள்ள இந்த ஓவியத்தில் இருப்பவை எவை? பக்கவாட்டில் நிற்கும் உடல். ஒரே ஒரு கண். முகத்தில் பூட்டிய வார். காடு இல்லை, மந்தை இல்லை. கூடவே பேரரசர் ஜஹாங்கீர் பாரசீகத்தில் எழுதிய குறிப்பு ஒன்று: அபிசீனியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கோவேறு கழுதை இது என்கிறது.

உடம்பில் யாரோ சாயம் பூசிவிட்டார்களோ என்று சிலர் சந்தேகப்பட்டதாகத் தன் நினைவுக் குறிப்புகளில் ஜஹாங்கீர் எழுதுகிறார். சோதித்த பிறகே இயற்கையான வரிகள் என்று ஒப்புக்கொண்டார்கள். பிறகு அந்த மிருகம் ஈரானின் ஷா அப்பாசுக்கு அனுப்பும் பரிசுகளில் ஒன்றாயிற்று. ஆக, அரசவை மன்சூரிடம் கேட்டது உணர்ச்சியை அல்ல, சாட்சியத்தை. மிருகம் கைமாறிப் போகும். படம் இங்கே தங்கும்.

அப்படியானால் துக்கம் நாம் ஏற்றிச் சொன்னதுதானா? மிருகத்தின் மேல் மனித உணர்ச்சியைச் சுமத்துவதும் ஓர் அதிகாரம்தான் என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. வரிகளைப் பதிவு செய்ய வார் தேவையில்லை, மன்சூர் அதை விட்டுவிட்டிருக்கலாம். விடவில்லை. வரிகளுக்குத் தந்த அதே கவனத்தை அதற்கும் தந்திருக்கிறார். அவர் உள்ளே என்ன நினைத்தார் என்பதல்ல கேள்வி. வரிக்குதிரை அழுகிறதா என்பதற்கு ஓவியத்தில் பதில் இல்லை. கட்டப்பட்டிருக்கிறது என்பதற்கு இருக்கிறது. கண்ணைப் பார்த்துச் சொன்னதாக நண்பர் நினைக்கிறார். அவரைச் சொல்ல வைத்தது வார்.

இதில் நம் மொழிக்கும் பங்கு உண்டு. பேரரசர் அதைக் கோவேறு கழுதை என்றார், நாம் குதிரை என்கிறோம். இரண்டுமே மனிதன் ஏறி உட்காரும் பிராணிகளின் பெயர்கள். பெயர் வைக்கும்போதே பூட்டிவிடுகிறோம்.

இதையெல்லாம் சொன்னதும் நண்பருக்குக் கோபம். 'அப்ப பாவப்படவே கூடாதுங்கிறீங்களா?' என்றார். தாராளமாகப் படலாம். யார் கட்டினார்கள் என்றும் சேர்த்துக் கேட்டால் போதும்.